தோன்றா எழுவாய்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டுக் கூடத்தில் ஐந்தாண்டு காலம் அரும்பணியாற்றிய மூன்று சாக்ஸ் ஸ்டூல், இன்று காலை ஏழேகால் மணிக்குக் குளியலறை வாசலுக்கு இடமாற்றம் செய்யப்பட்டது. ஊர்வலத்தில் நானும் ஒரு பூனையும் கலந்துகொண்டோம். பூனை நம்முடையது அல்ல.

ஸ்டூல் நலம். நான் நலம். அம்மா தானும் நலம் என்று எழுதச் சொன்னாள். அப்பா நலமாக முறைத்துக்கொண்டிருக்கிறார். உன் பல்வலி எப்படி இருக்கிறது? கன்னத்தைப் பிடித்துக்கொண்டேதான் போனாய் என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவில்லை. முதல் பஸ்ஸுக்கு நீ கிளம்பியபோது தூங்கிக்கொண்டிருந்தேன். யாரும் எழுப்பவில்லை. அது பரவாயில்லை, தூக்கம் உடம்புக்கு நல்லது.

இடமாற்றத்துக்குக் காரணம், நீ ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் படம் போடும் பட்டறையில் சேர்ந்தது. அதற்கு ஸ்டூல் என்ன செய்யும் என்று அப்பாவிடம் கேட்டேன். "அதோட காலுக்கு சாக்ஸ் வரைஞ்சுதான் ஆரம்பிச்சா. நாலாவது காலுக்குப் பெயிண்ட் தீர்ந்தப்பவே நிறுத்தியிருக்கணும்" என்றார். பள்ளியில் அவர் நடத்துவது கெமிஸ்ட்ரி, வீட்டில் நடத்துவது ஹிஸ்டரி.

இன்னொரு செய்தி. கேட்டுக்கு அடிக்க ஒரு டப்பா பழுப்பு எனாமல் வாங்கிவந்திருக்கிறார். "மரத்துல பொம்மை போடறது ஒரு பொழப்பா? இந்த வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒரே பூச்சா பூசிடறேன்" என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது கூடத்து அலமாரியை. ஜன்னல் இல்லாத அந்தச் சுவருக்கு நீ கதவு இரண்டிலும் திறந்த ஜன்னலை வரைந்து, வெளியே தெருவை வரைந்து, தெருவில் நம் எல்லோரையும் நடக்கவிட்டாயே, அதே அலமாரியை. வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் காற்று வாங்க அதன் முன்னால்தான் போய் நிற்கிறார்கள்.

நான் இருக்கும்வரை அதன்மேல் ஒரு சொட்டு விழாது. மார்பைத் தட்டிச் சொல்கிறேன். தட்டியதில் இருமல் வந்தது.

இவ்வண்ணம் (பல வண்ணம்),
வீட்டு வண்ணப் பாதுகாப்புப் படைத் தலைவன்,
வால்


ஜூன் 13

அன்புத் தம்பி வாலுக்கு,

பல்லைப் பிடுங்கியாச்சு. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல். உன் இருமலுக்கு வெந்நீர் குடி, மார்பைத் தட்டாதே.

பட்டறைக்கு மேலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். நிஜ ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கிறது. நம் அலமாரி ஜன்னல் எவ்வளவோ மேல். முதல் வாரம் முழுக்க உப்புத்தாள் தேய்த்தே விரல் ரேகை அழிந்துவிட்டது. இப்போது ஒரு கட்டிலின் தலைமாட்டை என்னிடம் விட்டிருக்கிறார்கள். முதலாளியம்மா வந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் அப்படிப் போனால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம்.

ஏன் போன் செய்வதில்லை என்று அம்மா கேட்டிருப்பாள். போன் கூடத்தில் இருக்கிறது. அவள் அழுவாள், அப்பா தூரத்தில் நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கே எனக்குப் பாதி மனசு மாறிவிடும். மாற்றிக்கொள்வதாக இல்லை. அதனால் கடிதம்.

அப்பாவுக்குத் தெரியும்படி சொல்லிவை. நான் வரைந்த ஒரு பொருளின் மேல் பழுப்பு பட்டால்கூட அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அக்டோபரில் பட்டறைக்குப் பத்து நாள் விடுமுறை. வருவதும் வராததும் அவர் பிரஷில் இருக்கிறது.

ஒரு வேடிக்கை தெரியுமா? அலமாரியின் இடது கதவில், பஸ் ஸ்டாப்பில் மஞ்சள் பையோடு ஒருத்தி நிற்கிறாளே, அவள் யார், எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டீர்களா? அது நான்தான். ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததைக் கூடத்திலேயே வரைந்தும் வைத்தேன். மூன்று பேரும் தினமும் அந்தக் கதவைத் திறந்து துணி எடுத்தீர்கள்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம், அலமாரியைத் தவிர.

ஞாயிறு மதியம் இடது கதவு பூசியாச்சு. முழுக் கதவும். அப்பா பிடித்திருந்த குடை, நான் கைவிட்டு ஓட்டிய சைக்கிள், பஸ் ஸ்டாப், எல்லாம் உள்ளே போயாச்சு. பட்டி பார்க்கவில்லை, உப்புத்தாள் போடவில்லை, நேரடியாக எனாமல். ஒரே கோட். பிரஷ் முடி இரண்டு உதிர்ந்து நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ பார்த்தால் அதற்கே தலையில் அடித்துக்கொள்வாய்.

வலது கதவு தப்பியது. அதற்குள் அம்மா தூங்கி எழுந்துவிட்டாள். கையில் நூல் பையோடு தெருவைக் கடக்கும் அம்மாவும் தப்பித்தாள். எதிரே யாரும் இல்லாததால் இப்போது சுலபமாகக் கடக்கலாம்.

பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பற்றிக் கவலைப்படாதே. அவள் பஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

வேறு விசேஷம் இல்லை.

இவ்வண்ணம் (பழுப்பு),
வால்


ஜூலை 3

தம்பிக்கு,

நான் நலம். கீழே உள்ளதை அப்பாவிடம் வாசித்துக் காட்டு. ஒரு சொல் விடக்கூடாது.

அப்பாவுக்கு. நீங்கள் திட்டியிருந்தால் திரும்பப் பேசியிருப்பேன். பேசாமல் பூசிவிட்டீர்கள். ஐந்து வருடம் அந்த வீட்டில் கைக்குக் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் வர்ணம் அடித்தேன். செருப்பு வைக்கும் பெட்டியில் அவரவர் காலை வரைந்தேன். உங்கள் காலுக்குத்தான் அதிக நேரம் ஆனது, ஒழுங்காக உட்காரவே இல்லை நீங்கள். அதெல்லாம் பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு அதுதான் படிப்பு. ஒரு கதவை மூடினால் நான் பிரஷைக் கீழே வைத்துவிடுவேன் என்று எண்ணாதீர்கள். இன்றைக்கு ஒரு கட்டில் முடித்தேன். நாளைக்கு இன்னொன்று தொடங்குகிறேன். அக்டோபரில் வரவில்லை.

அம்மா அழுதால் பக்கத்தில் உட்கார். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்று.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், கோபம் வயிற்றைக் கெடுக்கும்.

வாசித்துக் காட்டினேன். ஒரு சொல் விடவில்லை. அப்பா முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை.

இனி நம் படையின் வெற்றிகள். பழுப்பு டப்பாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து, 'உயிரியல் மாதிரி, திறந்தால் நாறும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். ஸ்டூலை மேலிட உத்தரவை மீறிக் கூடத்துக்கே கொண்டுவந்தேன். வெறுங்காலாக இருந்த நாலாவது காலுக்குச் சிவப்பு சாக்ஸும் போட்டாயிற்று. ஜோடி சேரவில்லை. என் சாக்ஸ் மட்டும் என்றைக்குச் சேர்ந்தது?

அம்மாவும் களத்தில் இறங்கிவிட்டாள். பழைய சட்டைகளின் பொத்தான்களையெல்லாம் கோத்து ஒரு விளக்குக் கூடு செய்து, அப்பாவின் நல்லாசிரியர் சான்றிதழுக்கு நேர் எதிரே தொங்கவிட்டிருக்கிறாள். விளக்கைப் போட்டால் சான்றிதழ் முழுக்கப் பொத்தான் நிழல், அம்மை போட்டதுபோல.

"இது என்ன?" என்றார் அப்பா.

"விளக்கு."

"விளக்குக்கு எதுக்குச் சட்டை?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

பழுப்புக் கதவை மறைக்கக் கொக்கி ஊசியால் ஒரு நூல் திரையும் பின்னிப் போட்டாள். "திரை பூரா ஓட்டையா இருக்கேம்மா, பழுப்பு தெரியுமே" என்றேன். "தெரியட்டும். யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குத் தெரியட்டும்" என்றாள். சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தாள்.

தமிழ்ப் பரீட்சையில் தோன்றா எழுவாய்க்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். முழு மதிப்பெண்.

இவ்வண்ணம் (சிவப்பு),
படைத் தலைவன்,
வால்


ஆகஸ்ட் 22

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம். பெயிண்ட் கரைக்கும் தின்னர் பட்டு இடது கையில் தோல் உரிந்துவிட்டது. எழுதுவது வலது கை, ஆனாலும் உன் கடிதத்தை எடுக்க மனசு வரவில்லை. இப்போது கை சரியாகிவிட்டது. அம்மாவிடம் கையைப் பற்றிச் சொல்லாதே.

பொத்தான் விளக்கைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அம்மாவிடம் சொல், அதன் அடி விளிம்பில் கனமான பொத்தானாக வைத்தால் காற்றில் சுழலாது.

இங்கே என் பெயரைச் சொல்லிக் கேட்டு வர ஆரம்பித்திருக்கிறார்கள். தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு மேலே பார்த்தால் தெரிகிற மாதிரி உள்பக்கம் படம் வேண்டும் என்றார்கள் ஒரு வீட்டில். நானே தொட்டிலுக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது. சந்தோஷமான வலி.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா? நான் விசாரித்ததாகச் சொல்லாதே.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கையைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. அவளாகவே கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். தேங்காய் எண்ணெய் போடச் சொன்னாள். மற்றபடி எல்லோரும் நலம்.

பரம இரகசியம் ஒன்று. படித்ததும் கிழித்துவிடு. இடது கதவில் பழுப்பு குறைந்துகொண்டே வருகிறது. நீ இரண்டு கோட் வார்னிஷ் கொடுத்திருந்தாய் அல்லவா, அதன் மேல்தான் பழுப்பு உட்கார்ந்திருக்கிறது. பக்குவமாக எடுத்தால் அடியில் இருக்கும் படம் தப்பிக்கிறது. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, டர்பன்டைனில் தொட்டு, பிழிந்து, மெல்ல உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒரு பஞ்சு ஒரே ஒரு தடவைதான். ஒரு பஞ்சுக்கு ஒரு தபால்தலை அளவு. தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை நடவடிக்கை. போன வாரம் குடையின் கைப்பிடி வெளியே வந்தது. நேற்று என் சைக்கிள் மணி. இதற்கெல்லாம் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உனக்குத் தெரியும். நம் படையின் பொறுமையைப் பார்த்து நானே வியந்துபோகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில். கேட்கவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கேட்டருகில் நின்று பூட்டைச் சரிபார்க்கிறார். நம் கேட்டுக்குப் பூட்டே இல்லை.

இவ்வண்ணம் (கலவை),
வால்

பின்குறிப்பு: கண்ணுக்கு ஒரு மருந்தின் பெயரை அம்மா தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறாள், உன் ஊரில் கிடைக்குமா என்று பார். கிட்டப் பார்த்தே அப்பாவுக்குக் கண் எரிகிறதாம். பரீட்சைத் தாள் திருத்தியதால் இருக்கும்.


செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

மருந்து இங்கே கிடைக்கிறது. தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். கடல் கடந்து ஓர் ஊரில் பழைய தங்கும் விடுதி ஒன்றை முழுக்கப் புதுப்பிக்கிறார்கள். நூற்றிருபது அறை, ஒவ்வொன்றிலும் கையால் வரைந்த கட்டில், அலமாரி, மேசை. முதலாளியம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருடம். நடுவில் ஊருக்கு வர முடியாது. அக்டோபர் பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், பதினைந்தாம் தேதி கப்பல்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வரலாம், நாலு நாள் இருக்கிறது என்றாள் முதலாளியம்மா. எனக்கு வீடு இல்லை என்று சொல்லவில்லை. நேரமில்லை என்று சொன்னேன். நான் வரைந்ததை அழித்த மனுஷன் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்? நீ சுரண்டிக் காப்பாற்றுகிறாய், அதற்கு உனக்கு ஒரு முத்தம். ஆனால் அழித்தது அழித்ததுதான். போய்வருகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லு.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருந்து வந்தது. கண் தேவலை.

இரண்டு வருடம் என்பது இருபத்துநாலு மாதம். கணக்கில் நான் இவ்வளவு தேறியிருப்பது உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். கட்டாயம் போ. யார் தடுத்தாலும் போ. நூற்றிருபது அறைக்கும் சாக்ஸ் போடு. போவதற்கு முன் அந்த நாலு நாள் மட்டும் வா. அப்பாவுக்காக வர வேண்டாம், ஸ்டூலுக்காக வா. அது ஒரு மாதிரி ஆடுகிறது. என்னவென்று பார்க்க ஆள் இல்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வால்


செப்டம்பர் 27

டேய் வாலு,

உன் கடிதத்தில் இவ்வண்ணத்தைக் காணோம். படைத் தலைவனையும் காணோம். அதனால் உட்கார்ந்து எல்லாக் கடிதத்தையும் முதலிலிருந்து படித்தேன்.

ஜூன் 24-ஆம் தேதிக் கடிதத்தின் ஓரத்தில் பழுப்பில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அன்றைக்குக் கோபத்தில் கவனிக்கவில்லை. ஈரப் பெயிண்ட்டைத் தொட்ட விரல். அப்பா விரல் அவ்வளவு சின்னது இல்லை.

அப்புறம், நீ எழுதியது 'பூசியாச்சு'. யார் பூசியது என்று நீ ஓர் இடத்திலும் எழுதவில்லை. நானும் பல்லைப் பிடுங்கியாச்சு என்றுதான் எழுதினேன். அதைப் பிடுங்கியது யாராக இருந்தால் என்ன. இது அப்படி இல்லை. முழு மதிப்பெண் வாங்கினாயே, இதற்கு எழுவாய் எது?

பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும். சிரிக்கவைக்காமல் எழுது.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது. நலமாக இரு.

உன் முதல் கடிதம் வந்த அன்று அதை மூன்று தடவை படித்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பவள் எங்கே போகிறாள் என்று யாராவது கேட்டீர்களா என்று எழுதியிருந்தாய். நான் கேட்டேன் அக்கா. ஜனவரியில், கரண்ட் போன சாயங்காலம், நீ அவளை வரைந்தபோது டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது நான். பைக்கு என்ன நிறம் என்றாய். மஞ்சள் என்றேன். நானே கலந்தும் கொடுத்தேன். "எங்கே போறா இவ?" என்று கேட்டேன். "கடைக்கு" என்றாய்.

நான் நம்பினேன். ஐந்து மாதம் துணி எடுக்கும்போதெல்லாம் அவள் கடைக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நீ போவதற்கான பைக்கு நானே வர்ணம் கலந்திருக்கிறேன் என்பது கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஞாயிறு மதியம் அம்மா தூங்கினாள், அப்பா வெளியே போயிருந்தார். அவர் வாங்கிய டப்பா இருந்தது. முதலில் அவளை மட்டும்தான் மறைக்க நினைத்தேன். அசிங்கமாகத் தெரிந்தது, முழுக் கதவையும் அடித்தேன். அந்தக் கையோடேயே உனக்கு எழுதத் தாளை எடுத்தேன், நீ பார்த்த ரேகை அப்போது பட்டது.

அப்பா வந்தார். கதவைப் பார்த்தார். "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். டர்பன்டைன் நனைத்த துணியைக் கொடுத்து, "நகத்துக்குள்ள போயிடும், சோப்பு போட்டுக் கழுவு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பஞ்சும் குச்சியும் எடுத்துக்கொண்டு கதவின் முன் உட்கார்ந்தார்.

உன் ஜூலைக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன் அல்லவா, அப்போது கண்ணாடியைத் துடைத்ததோடு அவர் நிற்கவில்லை. "எல்லாத்தையும் பூசிடறேன்னு சொன்னது நான்தானே. சொன்னதுக்குத் திட்டு விழுது. விழட்டும்" என்றார். "நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன். "பூசினது நானா?" என்றார்.

ஆக, செப்டம்பர் 2-இல் நான் வியந்துபோன பொறுமை என்னுடையது அல்ல. அந்தக் கண் எரிச்சலும் பரீட்சைத் தாளால் வந்தது அல்ல. நம் படையில் நான் பார்த்த வேலை, குச்சியில் பஞ்சு சுற்றிக் கொடுத்தது. அதிலும் பாதி தளர்வாக இருக்கிறதென்று அவரே பிரித்துச் சுற்றினார். டப்பாவை ஒளித்ததும் அவரிடமிருந்து அல்ல. எனக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. பஞ்சை உருட்டிக்கொண்டே "மரத்துல பொம்மை போடறது ஒரு பொழப்பா" என்று இன்றைக்கும் சொன்னார். சொல்லிவிட்டு "இந்தக் குடைக்கு எப்படி நிழல் போட்டா, பாரேன்" என்றார். குடை வந்துவிட்டது. சைக்கிள் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். "அங்க முகம் இருக்கு, போயிட்டா திரும்ப வராது" என்கிறார். கதவில் இப்போது உள்ளங்கை அளவு பழுப்புதான் மிச்சம்.

நீ கையெழுத்துப் போடு. கப்பல் ஏறு. அப்பா வேண்டாம் என்றாலும் ஏறு, நான் அழுதாலும் ஏறு. ஆனால் தப்பான ஆள்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு ஏறாதே. கோபம் என் பங்கு, வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. நாலு நாள் போதும். உள்ளங்கை அளவை எடுக்க உன் கைக்கு ஒரு நாள்கூட ஆகாது. பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை இறுக்கமாக.

நீ கேட்ட இலக்கணக் கேள்விக்கு விடை:
எழுவாய், நான்.
செயப்படுபொருள், நீ.
பயனிலை, பூசினேன்.
சாயம் வெளுத்துவிட்டது.

இவ்வண்ணம் செய்தவன்,
உன் தம்பி